உம்மம்மாவின் பெட்டி

இறந்தவர் விட்டுச் செல்லும் பொருளைப் பங்கிடுவதற்கு நம்மிடம் தெளிவான சட்டம் உண்டு. அடக்கச் செலவு போக, கடன் போக, மரண சாசனம் போக, எஞ்சியதில் இன்னாருக்கு இத்தனை பங்கு என்று இறைமறையே வகுத்துத் தந்திருக்கிறது. வீடு, தோட்டம், நகை, பாத்திரம், கடையிலிருந்து வரவேண்டிய பாக்கி என எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவந்துவிடலாம். ஆனால் எந்தப் பாகப்பிரிவினைக்குள்ளும் அடங்காத ஒன்றையும் மனிதர்கள் விட்டுச் செல்கிறார்கள். அதுதான் அவர்கள் யாரிடமும் சொல்லாத இரகசியம். அதற்கு வாரிசு யார்? அதைக் கண்டெடுத்தவன் அதற்கு உரியவன் ஆவானா? அல்லது தெருவில் கிடந்த பிறர் பொருளைக் கண்டவனைப் போல, உரியவருக்காக அதைக் காக்கும் கடமை மட்டும்தான் அவனுடையதா?

இந்தக் கேள்வி ஏட்டில் படித்து என் மனத்தில் எழுந்ததன்று. ஒரு பெட்டியைத் திறந்தபோது எழுந்தது.

என் உம்மாவைப் பெற்ற உம்மம்மா 2016-ஆம் ஆண்டு, தொண்ணூற்றிரண்டாவது வயதில் வஃபாத்தானார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என்று நம் கடலோரத்தில் வரிசையாக நிற்கும் ஊர்களில் ஒன்று எங்களுடையது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊரின் பெயரை ஏன் சொல்லவில்லை என்பது இக்கட்டுரையின் முடிவில் விளங்கும். உம்மம்மா பள்ளிக்கூடத்துப் படி ஏறியவர்கள் அல்லர். ஆனால் குர்ஆனை அழகாக ஓதுவார்கள். அரபுத்தமிழில் எழுதவும் படிக்கவும் தெரியும். கொழும்பில் வணிகம் செய்த பாட்டனாருக்கு 1943-இல் வாழ்க்கைப்பட்டு, முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர்களோடு வாழ்ந்து, 1981-இல் கைம்பெண்ணாகி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் வரை கண்டு கண்மூடினார்கள். ஊரார் பார்வையில் நிறைவான வாழ்வு. எங்கள் பார்வையிலும் அப்படித்தான்.

நாற்பது நாள் கழிந்தபின், அவர்கள் படுக்கையறையில் இருந்த முதிரை மரப் பெட்டியைத் திறந்தோம். பாட்டனார் இலங்கையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெட்டி அது. அதன் சாவி உம்மம்மாவின் இடுப்பிலேயே ஆயுள் முழுவதும் கிடந்தது. உள்ளே கல்யாணச் சேலை ஒன்றும், சுருமாச் சிமிழும், வற்றிப்போன அத்தர்க் குப்பிகள் இரண்டும் இருந்தன. அவற்றுக்கு அடியில் கறுப்பும் சிவப்புமாக அரக்கு வேலை செய்த ஒரு வட்டச் சிமிழ். அது பர்மாவின் கைவேலை என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஆனால் பாட்டனார் பர்மாவுக்குப் போனதே இல்லை. எங்கள் குடும்பத்தில் எவரும் போனதில்லை.

சிமிழுக்குள் ஒரு பட்டுக் கைக்குட்டை. அதற்குள் மடித்து வைத்த ஏழு கடிதங்கள். ஒரே ஓர் உறை. உறையின்மேல் 1941-ஆம் ஆண்டின் ரங்கூன் தபால் முத்திரை. முகவரி உம்மம்மாவுடையதன்று. அந்நாளில் எங்கள் தெருவில் பெண் பிள்ளைகளைக் கூட்டி ஓதிக்கொடுத்து வந்த ஒரு மூதாட்டியின் வீட்டு முகவரி அது. கடிதங்கள் எல்லாம் அரபுத்தமிழில் இருந்தன.

எனக்கு அரபுத்தமிழ் படிக்க வராது. எங்கள் தலைமுறையில் பலருக்கும் வராது. தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதி, தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி, நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட அந்த எழுத்தில்தான் ஒரு காலத்தில் நம் வீட்டுப் பெண்களின் கல்வி முழுவதும் நடந்தது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர்கள் மார்க்கச் சட்டங்களை அந்த எழுத்தில்தான் நூல்களாக்கித் தந்தார்கள். தொழுகைச் சட்டமும், மாலைப் பாட்டும், கடல் கடந்து சென்ற கணவனுக்கு எழுதிய கடுதாசியும் அந்த ஒரே எழுத்தில் அமைந்தன. இன்று எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் என் உம்மா.

ஆகவே, உம்மம்மாவின் கடிதங்களை நான் அறியவேண்டுமானால், அவற்றை அவர்களுடைய மகளே வாய்விட்டுப் படிக்கவேண்டும். அந்த இக்கட்டை நான் அப்போது உணரவில்லை. “படியுங்கள் உம்மா” என்று ஆவலோடு நீட்டினேன்.

உம்மாவுக்கு அப்போது வயது அறுபத்தொன்பது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலே இருந்த கடிதத்தை விரித்தார்கள். பிஸ்மியையும் ஸலாமையும் உரக்கப் படித்தார்கள். ஹிஜ்ரி 1360, ஷவ்வால் மாதம் என்று தேதியைப் படித்தார்கள். உடல்நலம் விசாரித்த வரி ஒன்றைப் படித்தார்கள். பிறகு குரல் நின்றது. கண் மட்டும் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. முடித்தவுடன் அதை அதன் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டு, “இது எனக்கு வந்த கடுதாசி இல்லை, வாப்பா” என்றார்கள்.

மற்ற ஆறையும் அவர்கள் தொடவில்லை.

நான் விடவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் கெஞ்சிய பிறகு, உம்மா இவ்வளவுதான் சொன்னார்கள்: “நல்ல பிள்ளையாத்தான் இருந்திருக்கு. ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சுக் கப்பலேறி ஊருக்கு வாரேன், பெரியவங்களை விட்டு முறையாப் பெண் கேக்குறேன்னு எழுதியிருக்கு. தப்பா ஒரு சொல்லு இல்லை.”

எஞ்சிய கதையை வரலாறு சொல்லும். அந்த ஆண்டின் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கையில், 1941 டிசம்பர் 23 அன்று, ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு பொழிந்தன. இரண்டு நாள் கழித்து மீண்டும் பொழிந்தன. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்களாக இருந்த நகரம் அது. தமிழ் முஸ்லிம்களைச் ‘சூலியா’ என்று அழைத்த அந்த நகரில் நம்மவருக்குக் கடைகள் இருந்தன, பள்ளிவாசல் இருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் தப்பினார்கள். கிடைக்காத இலட்சக்கணக்கானோர் மலையும் காடும் கடந்து, அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். கடிதம் எழுதிய அந்த மனிதர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா, ரங்கூனிலேயே மடிந்தாரா, எங்கேனும் பிழைத்து வேறொரு வாழ்வு வாழ்ந்தாரா என்பதற்குப் பெட்டியில் விடை இல்லை. 1943-இல் உம்மம்மாவுக்கு நிக்காஹ் நடந்தது.

உம்மா பின்னொரு நாள் தாமாகவே ஒன்றை நினைவுகூர்ந்தார்கள். 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டாண்டுகளில் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது, இந்தியர்கள் அங்கிருந்து கூட்டங்கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். அப்போது எங்கள் ஊருக்கும் சில குடும்பங்கள் வந்து சேர்ந்தன. உம்மம்மா அந்த வீட்டுப் பெண்களுக்குச் சோறும் துணியும் கொடுத்தனுப்பி, “ரங்கூனில் எந்தத் தெருவில் இருந்தீர்கள்?” என்று கேட்டுவரச் சொல்வார்களாம். பதில் வந்ததும், “சரி” என்று ஒரே சொல்லோடு அடுப்படிக்குப் போய்விடுவார்களாம். பதினேழு வயதுப் பெண்ணாக இருந்த உம்மா அதை இரக்கம் என்று எண்ணியிருந்தார்கள். இரக்கமாகவும் இருந்திருக்கலாம். ஒரு செயலுக்கு ஒரே காரணம்தான் இருக்கவேண்டும் என்பதில்லையே!

கதை இவ்வளவே. இனி, அது என்னுள் எழுப்பிய கேள்விகளுக்கு வருகிறேன்.

முதலில் எனக்குத் தோன்றியது, சொல்லப்போனால், பாட்டனாரின் சார்பான கோபம். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்து, அவர் வாங்கிக் கொடுத்த பெட்டியிலேயே வேறொருவரின் கடிதத்தைப் பூட்டி வைப்பது நேர்மையா? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. இல்லறம் என்பது அமானிதம். அதில் உள்ளொன்றும் புறமொன்றுமாக இருப்பது எவருக்கும் அழகன்று.

ஆனால் மறைத்தல் வேறு, வஞ்சித்தல் வேறு. வஞ்சகன் ஒருவருக்கு உரியதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறான். உம்மம்மா பாட்டனாரிடமிருந்து எதை எடுத்தார்கள்? கடிதங்கள் நிக்காஹுக்கு முன்னர் எழுதப்பட்டவை. அவற்றில் இருந்தது முறைப்படி பெண் கேட்கும் எண்ணம். நிக்காஹுக்குப் பின் ஒரு வரிகூட எழுதப்பட்டதற்குச் சான்றில்லை. பாட்டனார் கொழும்பில் நோயுற்றுத் திரும்பியபோது இரவு பகலாகப் பணிவிடை செய்தவர்களும், அவர்கள் இறந்தபின் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் அவர்களுக்காக யாஸீன் ஓதியவர்களும் அதே உம்மம்மாதான். உள்ளத்தில் தோன்றி மறையும் எண்ணங்களுக்கு, சொல்லாகவோ செயலாகவோ ஆகாத வரையில், இறைவன் நம்மைக் குற்றம் பிடிப்பதில்லை என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. இறைவன் கணக்கில் எழுதாததைப் பேரன் கணக்கில் எழுதப் புகுவது எத்தகைய துணிச்சல்!

நினைவு எப்போதும் நன்றிகேடு ஆகிவிடாது. அன்னை கதீஜா (ரலி) மறைந்து பல்லாண்டு ஆன பின்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அன்போடு நினைவுகூர்ந்ததையும், ஆடு அறுத்தால் கதீஜா நாயகியின் தோழியருக்குப் பங்கு அனுப்பியதையும், அதைக் கண்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ரோஷம் எழுந்ததையும் ஹதீஸ் நூல்கள் மறைக்காமல் சொல்கின்றன. அது மனைவியின் நினைவு. உம்மம்மாவினுடையதோ மணம் கூடாமல் போன ஒருவரின் நினைவு. இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆயினும் ஒன்றை மட்டும் கேட்கிறேன். நம் வீடுகளில் ஆண்கள் தம் இளமைக்காலக் கதைகளைத் திண்ணையில் அமர்ந்து சிரித்துக்கொண்டே சொல்வதில்லையா? அதே நினைவைப் பெண் இடுப்புச் சாவியால் பூட்ட வேண்டியிருந்தது. பூட்டு இருந்ததாலேயே உள்ளே குற்றம் இருந்தது என்று முடிவு கட்டுகிறோம். பூட்டவேண்டிய நிலையை அவர்களுக்கு உண்டாக்கியவர்கள் நாமல்லவா?

பாட்டனாருக்கு இது தெரியுமா? எனக்குத் தெரியாது. உம்மா சிறு பிள்ளையாக அந்தச் சாவியைப் பிடித்து இழுத்தபோது, பாட்டனார், “அது உன் உம்மாவின் பெட்டி. உம்மா திறந்தால்தான் திறக்கணும்” என்று தடுத்த காட்சி ஒன்று மட்டும் உம்மாவின் நினைவில் இருக்கிறது. தெரிந்து சொன்னார்களோ, தெரியாமலே சொன்னார்களோ, மனைவிக்கென்று ஒரு பூட்டு இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்ட மனிதராக அவர்கள் இருந்தார்கள். அவர்கள் சார்பாகக் கோபப்பட அவர்கள் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோபம் என்னை விட்டு நீங்கியது.

அடுத்து வந்தது வரலாற்று ஆசை. அரபுத்தமிழ்க் கையெழுத்துகள் கறையானுக்கும் கவனக்குறைவுக்கும் இரையாகி அழிந்துகொண்டிருக்கின்றன. இருப்பவற்றிலும் மார்க்க நூல்களே மிகுதி. ஒரு சாதாரண வணிகப் பிள்ளை 1941-இல் ரங்கூனிலிருந்து எழுதிய கடிதம் என்றால், அந்நாளைய நடையும், வாழ்வும், விலைவாசியும்கூட அதில் பதிவாகியிருக்கும். ஆய்வாளரிடம் கொடுத்தால் சமுதாயத்துக்கே பயன்படும். இறந்தவருக்கு இனி என்ன நாணம், என்ன நட்டம்?

அப்போதுதான் உம்மம்மாவின் ஜனாஸா நினைவுக்கு வந்தது. அவர்களைக் குளிப்பாட்டிய பெண்கள் அறையின் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உடலின்மேல் துணி விரித்து, அத்துணிக்குக் கீழேதான் நீர் ஊற்றினார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டுபவர் தாம் கண்ட குறையை வெளியே சொல்லாமல் மறைக்கவேண்டும் என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. உயிர் பிரிந்தபின் நாணமும் போய்விடுகிறது என்றால் இந்தக் கட்டளை எதற்கு? உணர்வற்ற உடலுக்கே இத்தனை மறைப்பு உண்டென்றால், அந்த உடல் எழுபத்தைந்து ஆண்டுகள் சுமந்து காத்த உள்ளத்துக்கு எத்தனை மறைப்பு வேண்டும்! பெட்டியைத் திறப்பதும் ஒரு வகையில் குளிப்பாட்டுவதுதான். உரிமையுள்ள கை தொடவேண்டும். துணிக்குக் கீழே தொடவேண்டும். கதவு சாத்தியிருக்கவேண்டும்.

பிறர் குறையைத் துருவித் துருவி ஆராய்வதையும், ஊகத்தின்மேல் முடிவு கட்டுவதையும் இறைமறை தடுத்திருக்கிறது. உறையின்மேல் இருந்த முகவரியைக் கொண்டு, அந்த மனிதர் யாராக இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். ஊரில் இன்றும் அந்தக் குடும்பத்தார் இருக்கிறார்கள். அந்த ஊகத்தை நான் எவரிடமும் சொன்னதில்லை. இங்கும் சொல்லப்போவதில்லை.

“அப்படியானால் இந்தக் கட்டுரையை மட்டும் ஏன் எழுதினீர்?” என்று வாசகர் கேட்பது நியாயமே. என்னையே நான் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. அப்போது எனக்குத் துணை நின்றது ஒரு பழைய நூல். குர்துபாவில் பிறந்த பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (994–1064) சட்ட வல்லுநர். கண்டிப்பும் கடுமையும் மிக்கவர் என்று பெயர் பெற்றவர். அவர்தாம் ‘புறாவின் கழுத்தாரம்’ என்று பொருள்படும் பெயரோடு, காதலைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார். அந்த நூலின் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்றுதான் இன்று எஞ்சி, நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தாம் கண்டும் கேட்டும் அறிந்த பலருடைய கதைகளை அதில் அவர் சொல்கிறார். ஆனால் சொன்னால் ஒருவருக்கு இழுக்கு வரும் என்ற இடத்தில் பெயரை மறைத்துவிடுகிறார். இரகசியம் காத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்குகிறார். தம் சொந்த இளமைக் காதலையும், காதலித்தவளை மரணத்துக்குப் பறிகொடுத்த துயரையும் ஒளிக்காமல் சொல்கிறார். உண்மையைச் சொல்வதும் மனிதர்களை மறைப்பதும் ஒருங்கே நடக்கலாம் என்பதை அங்கே கற்றேன். உம்மாவிடம் கேட்டேன். “பேரில்லாம, ஊரில்லாம எழுது” என்றார்கள். எழுதுகிறேன்.

இந்த இடத்தில் இன்னொரு திருட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். செய்தி கசிந்ததும், எங்கள் வீட்டு இளையவர்கள் உம்மம்மாவை ஒரு சினிமாக் கதாநாயகியாக ஆக்கிவிட்டார்கள். “பாவம், ஆயுள் முழுவதும் அழுதுகொண்டே வாழ்ந்திருக்கிறார்கள்” என்றாள் ஒருத்தி. யார் சொன்னது? உம்மம்மா வாய்விட்டுச் சிரிப்பவர்கள். பாட்டனார் கொழும்பிலிருந்து வரும் நாளில் வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்கும் கை வேறு எவருக்கும் கொடுக்கமாட்டார்கள். ஏழு கடிதங்களைக் கொண்டு, தொண்ணூற்றிரண்டு ஆண்டு வாழ்வை ஒரு சோகக் கதையாகச் சுருக்குவது, அவர்களை இரண்டாம் முறை அடக்கம் செய்வதற்கு ஒப்பாகும். மனித நெஞ்சம் ஒரே அறையுள்ள வீடன்று. ஓர் அறை பூட்டியிருந்தது என்பதற்காக, விளக்கெரிந்த மற்ற அறைகளெல்லாம் பொய்யாகிவிடா.

எனினும் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. 1943-இல், நிக்காஹுக்கு முன் உம்மம்மாவிடம் சம்மதம் கேட்டிருப்பார்கள். அவர்கள் மௌனமாக இருந்திருப்பார்கள். “மௌனம் சம்மதம்” என்று சாட்சிகள் வெளியே வந்து சொல்லியிருப்பார்கள். அந்த மௌனத்துக்குள் என்ன இருந்தது?

கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்கப்படவேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னபோது, நாணம் மிக்கவள் எப்படி வாய் திறப்பாள் என்று கேட்கப்பட்டது. அவளுடைய மௌனமே அனுமதி என்று விடை வந்தது. நாணத்துக்குத் தரப்பட்ட சலுகை அது. கேட்பவருடைய அவசரத்துக்குத் தரப்பட்ட சலுகையன்று. நம் கடலோர ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில், தந்தைக்குச் சில நிபந்தனைகளோடு கன்னிப் பெண்ணை மணமுடித்து வைக்கும் அதிகாரம் உண்டு. ஆயினும் அவளைக் கேட்பதே விரும்பத்தக்கது என்று அதே சட்டநூல்கள் வற்புறுத்துகின்றன. தம் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்தார் என்று கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, முன்னரே மணமாகியிருந்த அவருடைய அந்தத் திருமணத்தைப் பெருமானார் (ஸல்) நீக்கிவிட்டார்கள்.

பரீராவின் வரலாற்றையும் எண்ணிப் பார்க்கிறேன். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா (ரலி), தம் கணவர் முகீஸோடு வாழ விரும்பாமல் பிரிந்தார்கள். முகீஸோ கண்ணீர் தாடியில் வழிய மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே நடந்தார். அந்தக் காதலைப் பார்த்து நபி (ஸல்) நகைக்கவில்லை. வியந்தார்கள், இரங்கினார்கள். அவரிடம் திரும்பிப் போகலாமே என்று பரீராவிடம் எடுத்துரைத்தார்கள். “இது கட்டளையா?” என்று கேட்டார் பரீரா. பரிந்துரைதான் என்று விடை கிடைத்ததும், தமக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது. இறைத்தூதரின் பரிந்துரையையே மறுக்க ஒரு பெண்ணுக்கு இடமிருந்தது. நம் பெண்களுக்கு மாமாவின் பரிந்துரையை மறுக்க இடமிருக்கிறதா?

பெட்டி திறந்த அந்த ஆண்டில்தான் என் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடிவாகும் நிலையில் இருந்தது. நல்ல குடும்பம், நல்ல பிள்ளை. என் மகளிடம் வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். அவள் தலைகுனிந்து மௌனமாக இருந்தாள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும், அந்தப் பெட்டியை நான் பார்க்காதிருந்தால்.

ஒருநாள் மாலையில் அவளைத் தனியே மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று கேட்டேன். “மகளே, உன் மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். வேண்டாம் என்றாலும் நான் உன் வாப்பாதான். வாயால் சொல்.” அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு மனசு ஒப்பலை, வாப்பா. வேற யாரும் காரணம் இல்லை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை” என்றாள்.

அடுத்த நாள் அந்தக் குடும்பத்தாரிடம் போய்ச் சொல்லும் கடமை எனக்கு வந்தது. மச்சான்மார் ஏசினார்கள். ஊரில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசினார்கள். சில வாரங்கள் ஜும்ஆவுக்குப் போகவே கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் ஓராண்டில் ஆறிப்போயிற்று. ஆனால் அவள் அன்று மௌனமாகவே இருந்து, நானும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தால், அது எத்தனை ஆண்டில் ஆறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறேன். மூன்றாண்டு கழித்து வேறொரு சம்பந்தம் வந்தபோது, அவள் வாய்விட்டு “சம்மதம், வாப்பா” என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகக் கொடுத்த விலை அதிகமில்லை.

உம்மம்மா தம் பெட்டியை எனக்குப் பாடமாக விட்டுச் சென்றார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் அதை எனக்கு விட்டுச் செல்லவே இல்லை. ஆனால் பிறர் இரகசியம் நம் கண்ணில் பட்டுவிட்டால், அதை ஊர் அறியச் செய்வதும், இறந்தவருக்குத் தீர்ப்பெழுதுவதும்தான் வழி என்பதில்லை. நம் வீட்டில் இன்று உயிரோடு இருப்பவர்கள் அப்படியொரு பூட்டைத் தேடவேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ளலாம். அந்த வழியே அமானிதத்துக்கு நெருக்கமானது என்று கருதுகிறேன்.

கடிதங்களை என்ன செய்வது என்ற பேச்சு கடைசியாக வந்தது. இறைவன் திருநாமம் தாங்கிய தாள்களைக் குப்பையில் எறிய முடியாது. கடலில் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். தூய இடத்தில் புதைத்துவிடலாம் என்றார் மற்றொருவர். உம்மா இரண்டுக்கும் இணங்கவில்லை. பழைய மடிப்புக் கலையாமல் ஏழையும் கைக்குட்டையில் முடிந்து, சிமிழில் வைத்து, பெட்டியைப் பூட்டினார்கள். சாவியை என் மகளிடம் கொடுத்தார்கள்.

“நான் இருக்கிற வரை திறக்காதே, மவளே. அதுக்கப்புறம் உன் பாடு. படிக்கணும்னு தோணினா, முதல்ல அந்த எழுத்தைக் கத்துக்கோ. அதைக் கத்துக்கிடறதுக்குள்ள, படிக்கலாமா வேண்டாமான்னு உனக்கே தெரிஞ்சுரும்.”

என் மகள் இப்போது அரபுத்தமிழ் கற்று வருகிறாள். பெட்டி பூட்டியே இருக்கிறது.